ஏழாவது விதி

பூனையைக் காணோம் என்று வருகிறவர்கள் அழுதுகொண்டே வருவார்கள். அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் ஆபீஸ் படியேறி வந்த அம்மா அழவில்லை. கையில் ஒரு ஃபைல் வைத்திருந்தார். அழுகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம். ஃபைலோடு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. இந்தத் துப்பறியும் ஆபீசில் போன் எடுப்பது, டைப் அடிப்பது, சாரின் ஓட்டைக் காரைத் தள்ளிவிடுவது எல்லாம் நான்தான். வீட்டில் வைத்த பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் நான் வாயாடி. சார் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். அதாவது, மற்றவர்கள் எழுதிக் கொடுத்த பொய்யைப் படிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். அளந்துதான் பேசுவார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் ஆபீசில் அந்தக் குறை தெரிவதில்லை.

வந்தவர் முப்பத்தைந்து வருஷம் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னேன். நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்து உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து பூனையின் மூன்று படங்களை வரிசையாக வைத்தார். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். போலீஸில் திருடனைப் படம் எடுப்பது மாதிரியே எடுத்திருந்தார். வெள்ளைப் பூனை. மூக்குக்குக் கீழே மட்டும் கறுப்பாக, மீசை வைத்த மாதிரி இருந்தது. பெயர் மேனேஜர் என்றார். எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்குமாம். அப்படிப் பார்த்தால் என் பழைய ஆபீசில் நாலு பூனைகள் இருந்தன என்றேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பூனை இவருடையது இல்லை, பேத்தியுடையது. பேத்தி எங்கே என்று சார் கேட்டபோதுதான் அந்த அம்மாவின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. மகளைக் கட்டியவன் கை நீட்டுகிறவன். ஒரு நாள் கழுத்தில் கை வைத்திருக்கிறான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடிவிட்டாள். அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து முடித்துவிடுவேன் என்று அவன் சொன்னதும் இருக்கிறது. மகள் எங்கே இருக்கிறாள் என்பது இந்த அம்மா ஒருவருக்குத்தான் தெரியும்.

"அந்த அட்ரஸை எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று சார் கேட்டார்.

"எங்கயும் இல்ல தம்பி. போன் நம்பர்கூட மனப்பாடம்தான். வீட்ல ஒரு தாள்லகூட கிடையாது."

தனியாகத்தான் இருக்கிறார். வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. ஆறு மணிக்கு மேல் யார் தட்டினாலும் திறப்பதில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து வைத்திருக்கிறார், மாப்பிள்ளைக்காகப் பாதி, மேனேஜர் வெளியே போய்விடக்கூடாது என்று பாதி. பூனைக்குக் கழுத்துப் பட்டை, பட்டையில் போன் நம்பர், தோலுக்கு அடியில் சிப் எல்லாம் உண்டு. இவ்வளவு காபந்து பண்ணின வீட்டிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்குப் போய் வருவதற்குள் பூனை காணாமல் போய்விட்டது. ஒரு சாண் அகலக் குளியலறை ஜன்னலின் வலை கிழிந்திருந்தது. கிழிந்த வலைக்கும் ஒரு படம் எடுத்து ஃபைலில் வைத்திருந்தார்.

சார் அந்தப் படத்தை என் பக்கம் தள்ளினார். மூன்று பக்கமும் நேர்கோடாகக் கிழிந்து, கடித உறையின் மூடி மாதிரி தொங்கியது. மேனேஜர் ஸ்கேல் வைத்துத்தான் கிழித்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். சார் சிரிக்கவில்லை.

"அம்மா, பூனை போய் ஆறு நாளாச்சு. ஏன் இன்னைக்கு வந்தீங்க?"

அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திங்கள் இரவிலிருந்து மேனேஜர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தானாம். பின்கதவைத் திறந்து வைத்து, சமையலறையில் கிண்ணத்தில் தீனி வைப்பார். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். இரவில் படுக்கையறையில் படுத்தபடி மெல்லிய சத்தம் கேட்பாராம். அலமாரிக் கதவு அசையும். மேனேஜருக்கு அலமாரி திறக்கத் தெரியும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு ராத்திரி. நேற்று வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் சத்தமே இல்லை. காலையில் பார்த்தால் கிண்ணம் வைத்தபடி நிறைந்து கிடக்கிறது. பூனைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்திருக்கிறார்.

மூன்று பூட்டுப் போடுகிறவர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவாரா என்று நான் கேட்டேன். வாயாடித்தனமாக இல்லை, நிஜமாகவே கேட்டேன்.

"எனக்கும் பயம்தான்மா. ஆனா அச்சடிச்சு வந்திருந்துச்சே" என்று ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

மேலே பிராணிகள் கிளினிக் ஒன்றின் தலைப்பு. அதன் கீழே, 'செல்லப்பிராணி காணாமல் போனால்: உரிமையாளர்களுக்கான ஒன்பது விதிகள்.' எல்லாம் நியாயமான விதிகள்தான். முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள், பயந்த பூனை பீரோவுக்குப் பின்னால்கூட இரண்டு நாள் கிடக்கும். நீங்கள் உடுத்திய துவைக்காத துணியை வாசலில் போடுங்கள், வாசனை பிடித்து வரும். அக்கம்பக்கத்து ஷெட், மாடிப்படி அடி, நின்றுகொண்டிருக்கும் வண்டிகளின் அடி எல்லாம் பாருங்கள். போஸ்டரில் ஓர் அடையாளத்தை மட்டும் போடாமல் மறைத்து வையுங்கள், பூனை கிடைத்தது என்று பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கலாம். இப்படியே போய், ஏழாவது விதியில் என் கண் நின்றது.

'இரவு பதினொன்று முதல் விடியும்வரை பின்கதவைத் தாழிடாமல் வைக்கவும். உரிமையாளர் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவும். சத்தம் கேட்டாலும் வெளியே வரக்கூடாது. வந்தால் பிராணி மிரண்டு நிரந்தரமாகப் போய்விடும்.'

இரண்டாவது தடவை படித்தேன்.

சார் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதையும் அந்த அம்மா கொண்டுவந்த 'காணவில்லை' போஸ்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பிறகு அந்த அம்மாவிடம், இந்தத் தாள் எப்போது வந்தது என்று கேட்டார். திங்கள் காலை ஆறு மணிக்கு வாசல் கதவின் அடியில் கிடந்ததாம். போஸ்டர் ஒட்டியது எப்போது? திங்கள் மத்தியானம். அதற்கு முன்னால் பூனை காணாமல் போனதை யாரிடமாவது சொன்னீர்களா? கிளினிக்குக்கு போன் செய்தீர்களா?

அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னொண்ணும் சொல்லுங்க" என்றார் சார். "மேனேஜர் தினம் எங்க தூங்குவான்?"

"என் கால்மாட்டில."

"நாலு ராத்திரி வீட்டுக்குள்ள வந்தான். ஒரு தடவைகூட உங்க ரூம் கதவைச் சுரண்டலையா?"

"பயந்திருப்பான்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். ஃபைலோடு வருகிறவர்களுக்கும் கடைசியில் அதுதான் தேவைப்படுகிறது.

சார் கார் சாவியை எடுத்தார். அந்த அம்மாவைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை என்பது புரிந்தது. மூன்று பேரும் கிளம்பினோம். போகும் வழியில் சார் என்னிடம் இரண்டு தாளையும் கொடுத்து, ஓரத்தைப் பார் என்றார். இரண்டிலும் இடது ஓரத்தில், மேலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. ஒரே இடத்தில், ஒரே வளைவோடு இருந்தது. போஸ்டரை எங்கே ஜெராக்ஸ் எடுத்தீர்கள் என்று பின்னால் திரும்பிக் கேட்டேன். வீட்டுத் தெரு முனைக் கடையில் என்றார்.

அது ஒரு மெஷினும் ஒரு மின்விசிறியும் வைத்த சின்னக் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டைக் காட்டியதுதான் தாமதம், மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். புதுக் கண்ணாடி மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். எவனோ ஒருத்தன் பின் அடித்த தாளை அப்படியே கண்ணாடிமேல் வைத்து, கோணலாக இருக்கிறது என்று இழுத்துச் சரிசெய்தானாம். பின் கீறிக் கோடு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை முதல் கோர்ட் பேப்பர் வரை எல்லாவற்றிலும் இந்தக் கோடுதான். வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் இவர்.

அவன் என்ன தாள் எடுத்தான் என்று சார் கேட்டார். இந்தத் தாளேதான் என்று கடைக்காரர் ஒன்பது விதித் தாளைத் தட்டினார். நடுவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக் கொண்டுவந்தான். ஒட்டின விளிம்பு தெரியக்கூடாது என்று மூன்று முறை திருப்பி எடுக்கச் சொன்னான். நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். ரொம்ப மரியாதையான ஆள். இரண்டு தடவை நன்றி சொன்னான்.

"எத்தனை காப்பி வாங்கிட்டுப் போனான்?"

"ஒண்ணே ஒண்ணு சார். எல்லாருக்குமான நோட்டீஸுன்னு போட்டிருக்கு, இவரு ஒண்ணு போதும்ங்கறாரு. எனக்கே வேடிக்கையா இருந்துச்சு."

"என்னைக்கு?"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. கண்ணாடி கீறின நாளை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். "போன சனிக்கிழமை சாயங்காலம்" என்றார்.

பூனை காணாமல் போனது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே அதற்கு நோட்டீஸ் தயார். எனக்கு ஒரு நக்கலும் தோன்றவில்லை. சார் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். காரில் வரும்போதே அந்த அம்மாவிடம் வாங்கி வைத்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளை மாலையோடு, அடக்கமாக, கொஞ்சம் குனிந்து நின்றான். கடைக்காரர் பார்த்ததும், இந்த ஆளேதான் சார் என்றார்.

கடைக்கு வெளியே காரில் அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். யார் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். சார் வண்டியைக் கிளப்பினார். நாலு ராத்திரி தன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நடமாடியது யார் என்பதை அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தார். நான் கையைப் பின்னால் நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. டாக்டரம்மா ஒரு முயலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் ஒரு போர்டு. அதில் ஒன்பது விதித் தாள் புதிதாகத் தொங்கியது. பழையதை யாரோ போன வாரம் பின்னோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று டாக்டரம்மா குறைப்பட்டுக்கொண்டார். சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு விதிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரிஜினலில் ஏழாவது விதி இப்படி இருந்தது:

'பூனை வரும் என்று இரவு முழுவதும் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வேறு யாரும் வரலாம்.'

டாக்டரம்மா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"கதவு பூனைக்காகத் திறக்கலைம்மா" என்றார் சார், அந்த அம்மாவிடம். "கதவுக்காகத்தான் பூனை போச்சு. நீங்க கதவைத் திறக்கமாட்டீங்க, யார் சொன்னாலும் கேட்கமாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும். அச்சடிச்சு வந்தா கேட்பீங்கன்னும் தெரிஞ்சிருக்கு."

அந்த அம்மா தலையாட்டினார். முப்பத்தைந்து வருஷம் தானே விதி எழுதிச் சுவரில் ஒட்டியவர். சத்தம் போடாதே என்றால் போடக்கூடாது. பக்கத்தை மடிக்காதே என்றால் மடிக்கக்கூடாது. எழுதி வைத்திருப்பதை மீறக்கூடாது என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரே வீட்டில் ஏழு வருஷம் மாப்பிள்ளையாகச் சாப்பிட்டவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

"அவன் உங்களை ஒண்ணும் பண்ணலை. நாலு ராத்திரியும் வீட்டை அலசியிருக்கான். கிண்ணத்தைக் காலி பண்ணினதும் அவன்தான், அப்பத்தான் மறுநாளும் கதவு திறந்திருக்கும். மகளோட அட்ரஸுக்காக வந்திருக்கான்."

"ஆனா அது வீட்ல இல்லையே தம்பி. எங்கயும் எழுதலை."

அப்போது டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். புதன்கிழமை ஒருத்தர் போன் பண்ணினாராம். மீசை மாதிரி மச்சம் உள்ள ஒரு வெள்ளைப் பூனை கிடைத்திருக்கிறது, பட்டையிலுள்ள நம்பரை யாரும் எடுக்கவில்லை, வேறு யாராவது உறவினர் விலாசம் உண்டா என்று கேட்டார். நாங்கள் அதெல்லாம் கொடுக்கமாட்டோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கொடுக்காததற்காக அவர் பெருமைப்படவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"வேற என்ன சொன்னீங்க?" என்று சார் கேட்டார்.

"மாற்று விலாசம் எங்க ரிஜிஸ்டர்ல கிடையாது, ஓனர் கையில இருக்கற தடுப்பூசி புத்தகத்துலதான் எழுதியிருக்கும், அவங்க கிடைச்சதும் கேட்டுக்கங்கன்னு சொன்னேன்."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. ஒரு மனுஷியின் முகம் அப்படிச் சரிவதை நான் பார்த்ததே இல்லை.

"கட்டாயம் நிரப்பவும்னு போட்டிருந்துச்சு" என்றார் மெதுவாக. "சிப் போட்டப்ப. நான் இல்லாத நேரத்துல யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு கட்டம். எனக்கு வேற யார் இருக்கா. அவ விலாசத்தைத்தான் எழுதினேன். அது பூனைப் புத்தகம்தானேன்னு மறந்தே போயிட்டேன்."

புத்தகம் எங்கே இருந்தது என்று சார் கேட்டார். சமையலறை அலமாரியில், மேனேஜரின் தீனி டப்பாவுக்கு அடியில். பூனைச் சாமான் எல்லாம் ஓரிடத்தில் அடுக்கி வைத்திருப்பார். நூலகக்காரர் வேறு எப்படி வைப்பார்?

புதன்கிழமை அவனுக்கு எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி அலமாரிக் கதவு அசைந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி கிண்ணம் நிறைந்தபடி கிடந்தது. காலையில் இந்த அம்மா ஓடி வந்தது பூனைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. ஆனால் கிண்ணம் நிறைந்திருந்ததற்கு ஒரே அர்த்தம்தான். அவனுக்கு இனிமேல் அந்தக் கதவு தேவையில்லை.

"மகளுக்குப் போன் போடுங்க" என்றார் சார். "இப்பவே. ஸ்பீக்கர்ல."

மனப்பாடமான நம்பர்தான். இரண்டு தடவை தப்பாகப் போட்டார். மூன்றாவது தடவை நான் வாங்கி, அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். மணி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தாள். எடுத்தவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"அம்மா, நானே உனக்குப் போடணும்னு இருந்தேன். மேனேஜர் இங்க இருக்கான்மா."

கிளினிக்கில் யாரும் மூச்சு விடவில்லை. முயல் மட்டும் மேஜையில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ஒரு கம்பிக் கூடைக்குள்ள வாசப்படியில இருக்கான். பாப்பாதான் கதவு ஓட்டை வழியா பார்த்தா. அந்த மீசை, அந்தக் கத்தல், சாட்சாத் அவனேதான். யார்கிட்டம்மா கொடுத்து அனுப்பின? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இரு, பாப்பா தாழ்ப்பாள் எட்டலைன்னு நாற்காலி போட்டு..."

"கதவைத் திறக்கக்கூடாது" என்றார் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "குழந்தையைக் கீழ இறக்குங்க. உங்க வீட்டுக்காரர் அங்க இருக்கார்."

நாற்காலி தரையில் விழும் சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டது. அதற்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பூனை நீளமாகக் கத்தியது.

நான் என் போனில் போலீஸைப் பிடித்தேன். விலாசம் கேட்டார்கள். அந்த அம்மாவைப் பார்த்தேன். பதினான்கு மாதமாக வாயைத் திறந்து சொல்லாத விலாசம் அது. அவர் என் போன் பக்கம் குனிந்தார். பிறகு கதவு எண், தெரு, மாடி, ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த ஊர் ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார்கள். எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஐந்து மணி நேரப் பயணம் இருந்தது.

மகள் கதவு ஓட்டை வழியாகப் பார்த்தாள். வெளியே யாருமே இல்லை என்றாள். படிக்கட்டு காலியாக இருக்கிறது, கூடை மட்டும்தான். அவள் குரலில் பயமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. பூனை கத்திக்கொண்டே இருந்தது. குழந்தை அதைவிட உரக்க அழுதது.

"அம்மா, பாப்பா துடிக்கிறாம்மா. யாரும் இல்ல, நான் நல்லாப் பார்த்துட்டேன். ஒரு செகண்ட்ல கூடையை உள்ள இழுத்துட்டுச் சாத்திடறேன்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருத்தன் சொல்லி அவள் கேட்க வேண்டிய நேரம் இல்லை அது. அந்த அம்மாவைப் பார்த்தார்.

ஒரு பூனைக்காக ஐந்து ராத்திரி கதவைத் திறந்து வைத்தவர் அவர். அதே பூனையின் குரல் ஸ்பீக்கரில் அவர் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வேணாம்" என்றார். "கத்தட்டும். நீ பூட்டு."

"நம்ம மேனேஜர்மா."

"தெரியும்டி. மேல் தாழ்ப்பாள் போடு. போட்டியா? சொல்லு."

"போட்டேன்."

"கீழ்த் தாழ்ப்பாள்."

"போட்டேன்மா."

"நடுப் பூட்டு. ரெண்டு சுத்து."

சாவி இரண்டு சுற்றுச் சுற்றுவது எங்களுக்கே கேட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போ, அந்தக் கதவையும் சாத்து, பீரோவை முட்டுக்கொடு, போனை வைக்காதே என்றார். மகள் ஒவ்வொன்றாகச் செய்தாள். பீரோவை இழுக்கும் சத்தம் பாதியில் நின்றது. அப்போது படியில் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. மேலிருந்து, அவசரமே இல்லாமல். பிறகு ஒரு குரல். தூரத்தில்தான், ஆனால் தெளிவாக இருந்தது. கடைக்காரர் சொன்ன மாதிரியே ரொம்ப மரியாதையான குரல்.

"பாப்பா, அப்பா வந்திருக்கேன். மேனேஜருக்குத் தண்ணி வேணுமாம். கொஞ்சம் கதவைத் திறம்மா."

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. அழுததைவிட அது நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மகள் அதன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். அவன் மறுபடி கேட்டான், அதே தன்மையான குரலில். மூன்றாவது முறை கேட்கவில்லை. கதவை உதைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. நடுவில் ஏதோ உருண்டது, பூனையின் கத்தல் நின்றுபோனது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் போனில் பேசிய குரல் அசையவில்லை. "பூட்டு நல்ல பூட்டு. நான் பார்த்து வாங்கினது. நீ என்கூட பேசிட்டே இரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

பதினோரு நிமிடம். அதற்குப் பிறகு நிறையக் காலடிச் சத்தம், கத்தல், பிறகு ஒரு பெண்ணின் அதட்டலான குரல், போலீஸ் என்று. சார் என் போனை வாங்கி, வந்திருப்பது நிஜமாகவே போலீஸ்தானா என்று ஸ்டேஷனில் கேட்டு, பெயரையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் திறக்கலாம் என்றார்.

மேல்படி வளைவில், கதவு ஓட்டையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அவன் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். பையில் பூனையின் தடுப்பூசிப் புத்தகம் இருந்தது. வேறு என்ன இருந்தது என்று போலீஸ் சாரிடம் சொன்னார்கள். சார் கேட்டுக்கொண்டார். அதை அந்த அம்மாவிடம் அவர் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

கூடை கீழ்ப்படிவரை உருண்டு கிடந்ததாம். அதிலிருந்து மேனேஜர் தானாகவே வெளியே வந்து, எல்லோர் காலையும் மோந்து பார்த்து மேற்பார்வை செய்துவிட்டு, வீட்டுக்குள் போய் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாக மகள் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள், சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"பின்னங்கால் ஒண்ணு லேசா நொண்டுதும்மா. மத்தபடி நல்லா இருக்கான். உனக்கு அவன்கிட்டப் பேசணுமா?"

"அப்புறம் பேசறேன்" என்றார் அந்த அம்மா. "நீ பூட்டிட்டியா?"

பூட்டிவிட்டேன் என்றாள். மூன்றையுமா என்று கேட்டார். மூன்றையும்தான். அதற்குப் பிறகுதான் அவர் போனைக் கீழே வைத்தார். வைத்ததும், நாங்கள் பிடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே, கிளினிக் தரையில், பூனை முடிக்கும் முயல் தீனிக்கும் நடுவே, முதல்முறையாக அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று காலையில் நினைத்திருந்தேன். அது முட்டாள்தனம்.

கிளம்பும்போது டாக்டரம்மா குற்ற உணர்ச்சியோடு ஒரு புதுத் தடுப்பூசிப் புத்தகம் எடுத்து வந்தார். பழையது போலீஸ் கையில் இருக்கிறது, திரும்பி வர மாதக்கணக்காகும். அந்த அம்மா பேனாவை வாங்கிப் பூனையின் பெயர், நிறம், வயது எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பினார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார். மாற்றுத் தொடர்பு விலாசம், கட்டாயம் நிரப்பவும்.

பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டிருக்கமாட்டார்.

மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.